ஜூன் 30-இல் மேலவளவுக்கு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி

இந்த ஜூன் 30 அன்றும் மேலவளவுக்குக் கார்கள் வரும். கொடி கட்டிய வேன்கள் வரும். விடுதலைக் களத்தில் மாலைகள் குவியும். முருகேசனுக்கும் அவரோடு வெட்டிக் கொல்லப்பட்ட ஐந்து பேருக்கும் வீரவணக்க முழக்கம் எழும். ஆளும் கூட்டணியில் இருக்கும் கட்சிகளின் தலைவர்கள் வருவார்கள், எதிர்த்தரப்பில் இருப்பவர்களும் வருவார்கள், நம்மைப் போன்ற இயக்கத் தோழர்களும் ஆய்வு மாணவர்களும் ஓரமாக நின்று படம் எடுப்போம். பல ஆண்டுகளாக இது நடக்கிறது, நடக்கவும் வேண்டும்.

இந்த ஆண்டு அங்கே வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த நாற்காலிக்காக ஆறு பேர் செத்தார்களோ, அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. மேலவளவு ஊராட்சிக்கு இன்று மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. அதைக் காலி செய்தது ஆதிக்கச் சாதிக் கும்பல் இல்லை, அரசு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடத்தவில்லை. 28 மாவட்டங்களில் 9,624 ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. மதுரை மாவட்டத்தின் 420 ஊராட்சிகளும் அதில் அடக்கம்.

சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் இது ஒரு நிர்வாகச் செய்தி. செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் முடிந்துவிடும். ஊராட்சி நிர்வாகத்தையும் சாதியையும் பற்றிய ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாக மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் எனக்கு இது அப்படித் தெரியவில்லை. தனி அலுவலர் என்ற சொல்லுக்கு மதுரை மண்ணில் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் இந்த விவகாரத்தைப் பேச முடியாது.

73-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி உறுப்பினர் பதவிகளில் மட்டுமின்றித் தலைவர் பதவிகளிலும் இடஒதுக்கீடு, அது சுழற்சி முறையில் வரும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயத் தேர்தல். ஊர்க்கூட்டத்தில் கைகட்டி ஓரமாக நின்றவர், அதே ஊரின் வரவு செலவில் கையெழுத்துப் போடுகிறவராக ஆகும் வழியை இந்தச் சட்டம் திறந்தது. 1986-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலின் பதவிக்காலம் 1991-இல் முடிந்து, ஐந்து ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் கிடந்த தமிழ்நாட்டில் 1996 அக்டோபரில் தேர்தல் வந்தது.

மேலவளவு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனு செய்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. மறுபடி தேர்தல் வைத்தபோது வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. அதற்கும் பிறகு 1996 டிசம்பர் கடைசியில் காவல்துறை பாதுகாப்போடு நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் வென்றார். வென்ற பின்னும் அவரை ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பி வரும்போது பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டினார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது. துணைத்தலைவர் உட்பட இன்னும் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள்.

வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2001 ஜூலையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்புறம் என்ன? 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூன்று பேர் விடுதலை. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 13 பேர் விடுதலை. ஒன்று தி.மு.க. ஆட்சியில், இன்னொன்று அ.தி.மு.க. ஆட்சியில். அந்த 13 பேர் வெளியே வந்த அடுத்த மாதம்தான் மதுரை மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. மேலூர்ப் பக்கம் ஒதுக்கீட்டுத் தொகுதியில் மனு செய்யப் போன ஒரு தலித்தின் வீட்டில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

எதற்காக அவ்வளவு வெறி? "கௌரவப் பிரச்சினை" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது பாதிதான். ஊராட்சித் தலைவர் பதவி என்பது கண்மாயின் மீன் பாசி ஏலம், புறம்போக்கில் நிற்கும் புளியமரம், கருவேல மரங்களின் ஏலம், தெருவுக்கு யார் சிமெண்ட் போடுவது, குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போவது, யாருக்கு வீட்டு ரசீது என்பதையெல்லாம் தொடும் பதவி. காலங்காலமாக ஊர் அம்பலங்களின் கையில் இருந்த பொதுச் சொத்துக்களுக்குச் சட்டப்படி ஒரு கணக்குப் புத்தகம் வந்தது. அதைத் திறந்து பார்க்கும் உரிமை காலனிக்காரருக்கு வந்தது. மரியாதையும் போகிறது, வருமானமும் போகிறது என்றபோதுதான் அரிவாள் எடுத்தார்கள்.

மேலவளவுக்கு மேற்கே, மதுரையின் மறுபக்கத்தில், அரிவாள் தேவைப்படாத வேறொரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. உசிலம்பட்டி வட்டாரத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் ஒதுக்கீட்டுத் தலைவர் பதவியை நிரப்ப விடவில்லை. ஒன்று, யாரையும் மனு செய்ய விடமாட்டார்கள். அல்லது ஆதிக்கச் சாதியினரே தங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரை நிற்க வைத்து, ஜெயிக்க வைத்து, வெற்றிச் சான்றிதழின் ஈரம் காய்வதற்குள் ராஜினாமாக் கடிதத்தில் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். தேர்தல் ஆணையம் மறுபடி அறிவிக்கும். மறுபடி அதே நாடகம்.

தலைவர் இல்லாத அந்தப் பத்து ஆண்டுகளில் அந்த ஊராட்சிகளின் நிர்வாகம் அதிகாரிகளின் கையில் இருந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான செய்தியாகப் படுவது இதுதான். ஒரு தலித் தலைவராக வருவதைவிட அரசு அதிகாரி ஆள்வதே மேல் என்று அந்த ஊர்களின் ஆதிக்கச் சாதியினர் முடிவு செய்து, அதற்காகப் பத்து ஆண்டுகள் உறுதியாக நின்றார்கள். அதிகாரி அவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. வருவார், ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் மோர் குடிப்பார், சொல்வதைக் கேட்டுக்கொண்டு போவார், இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போவார். தனி அலுவலர் ஆட்சி சாதி ஆதிக்கத்துக்கு எதிரி இல்லை என்பதை நமக்கு முன்னால் அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

2006-இல் அது மாறியது. தானாக மாறவில்லை. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் பத்தாண்டுகள் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். புதிதாக வந்த அரசு நடத்தியே தீருவது என்று முடிவெடுத்தது. அப்போது மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் தரப்பில் ஊர் ஊராகப் பேச்சு நடந்தது. அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அந்த நால்வரையும் சென்னைக்கு அழைத்து முதலமைச்சர் கருணாநிதி சமத்துவப் பெருவிழா நடத்தினார். பதினைந்து ஆண்டு கழித்து, 2021 அக்டோபர் 2 அன்று, முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டிக்கே வந்து கிராம சபையில் உட்கார்ந்தார். அந்த நாளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு முதலமைச்சர் கிராம சபைக்குப் பாப்பாபட்டியைத் தேர்ந்தெடுத்தது ஒரு அரசியல் அறிவிப்பு.

ஆனால் அதே அரசின் காலத்தில், பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் மறுபடி தலைவர் இல்லாத ஊராட்சிகளாகி நிற்கின்றன. முன்பு ஆதிக்கச் சாதியினர் பகிஷ்கரித்துப் பெற்றதை இப்போது அரசாணை சும்மா கொடுத்திருக்கிறது.

தி.மு.க. தோழர்கள் கோபப்படுவார்கள், தெரியும். 2016-இல் அ.தி.மு.க. செய்யாததா என்பார்கள். செய்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பாணை விதிப்படி இல்லையென்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டது தி.மு.க. தரப்பு, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு சரியில்லை என்ற அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். அன்றைய அரசு மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்தது. ஒன்றிய அரசு அதைச் சாக்காக வைத்து நிதிக்குழு மானியத்தை நிறுத்தியது. அப்போது தேர்தல் நடத்தாததைக் கண்டித்து, 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க ஊராட்சி சபைக் கூட்டங்களை நடத்தியவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின். பாய் விரித்து மக்களோடு உட்கார்ந்து அவர் கேட்ட கேள்விகள் நினைவில் இருக்கின்றன. அவை இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

இந்த முறை சொல்லப்படும் காரணங்கள் என்ன? வார்டு மறுவரையறை, நகர்ப்புற உள்ளாட்சிகளோடு ஊராட்சிகளை இணைப்பது, 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த மற்ற ஒன்பது மாவட்டங்களோடு சேர்த்து ஒரே நேரத்தில் நடத்துவது. எதுவும் திடீரென முளைத்ததில்லை. பதவிக்காலம் எந்தத் தேதியில் முடியும் என்பது 2020 ஜனவரியிலேயே தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் 243-ஈ பிரிவு, காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-இலும், சுரேஷ் மகாஜன் வழக்கில் 2022-இலும் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. மறுவரையறை முடியவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்பதே அதன் சாரம். மாநில உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தில் ஆளுநரை எதிர்த்து வென்ற ஒரு அரசு, மாநிலத்துக்குக் கீழே இருக்கும் உள்ளாட்சியின் உரிமையைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக இருக்க முடிகிறது. மதுரைத் தமிழில் சொன்னால், தனக்குன்னா வெல்லம், அடுத்தவனுக்குன்னா உப்பு.

நகரத்தோடு இணைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் கடைசியில் வந்த அறிவிப்புக்குப் பிறகு தமிழ்நாடெங்கும் கிராமத்துப் பெண்கள் ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனுவோடு வந்தார்கள். நூறு நாள் வேலை ஊராட்சிப் பகுதிக்கு மட்டும்தான். நகராட்சி, மாநகராட்சி ஆகிவிட்டால் அந்த வேலை போச்சு, வரி மட்டும் ஏறும். இந்தத் திட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர்களில் நிலமில்லாத தலித் பெண்கள் எவ்வளவு பேர் என்பதை எந்தக் கண்மாய்க் கரைக்குப் போனாலும் கண்ணால் பார்க்கலாம். தங்கள் ஊரை நகரத்தோடு சேர்ப்பதற்கு ஒப்புதலோ எதிர்ப்போ சொல்ல அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் வேண்டாமா? தலைவர்கள் பதவியில் இல்லாத நேரம் பார்த்து எல்லைகள் வரையப்படுகின்றன. தற்செயல் என்று நம்ப விரும்புகிறேன்.

இனி நடைமுறைக்கு வருவோம். மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள், 420 ஊராட்சிகள். சராசரியாக ஒரு ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள். கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலர்தான் இவற்றுக்கெல்லாம் தனி அலுவலர். அதாவது ஒரு மனிதர் 32 ஊர்களுக்குத் தலைவர். கிராம சபை தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடக்கும். ஆகஸ்ட் 15 அன்று காலை 11 மணிக்கு அவர் 32 இடத்தில் எப்படி இருப்பார்? இருக்க மாட்டார். ஒவ்வொரு ஊருக்கும் யாரையாவது அனுப்புவார். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார். யார் பேசுவது, எது எழுதப்படுவது என்பதை அந்த ஊரில் யாருக்குக் குரல் இருக்கிறதோ அவர்களே முடிவு செய்வார்கள். ஊரில் யாருக்குக் குரல் உண்டு என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சென்ற மாதம் ஒரு முன்னாள் தலைவரைப் பார்த்தேன். பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி அது; ஊர்ப் பெயரைச் சொன்னால் அவருக்குத் தொந்தரவு, அதனால் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ஐந்து ஆண்டில் தன் காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பாதைக்காக மட்டும் ஒன்றிய அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தார் என்பதை அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னபோது நான் பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் காலனி போர் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. அவர் பதவியில் இருந்தால் சாயங்காலத்துக்குள் மோட்டாரைக் கழற்றி ஆள் வைத்துக் காயில் கட்டி மறுநாள் தண்ணீர் விட்டிருப்பார், பில் பிறகு போடப்பட்டிருக்கும். இப்போது எஸ்டிமேட் போட வேண்டும், மேலே அனுப்ப வேண்டும் என்றார்கள். பதினொரு நாள் ஆனது. அதே வாரம் ஊர்ப் பக்கத்து மோட்டாரும் நின்றது. அது மறுநாளே ஓடியது. முன்னாள் துணைத்தலைவருக்கு ஒப்பந்தக்காரர் சொந்தம்.

"நாற்காலி போனது பெருசில்ல தம்பி," என்றார். "முன்னாடி என்னைய வந்து திட்டுவாங்க. குடத்தைக் கொண்டாந்து என் வாசல்ல வப்பாங்க. இப்ப அந்தக் குடத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

திட்டு வாங்குவதற்கு ஒரு ஆள் இருப்பதுதான் உள்ளாட்சி. பிடிஓ ஆபீஸ் வாசலில் குடத்தை வைக்க வேண்டுமென்றால் அந்தப் பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் மாறிப் போக வேண்டும்.

இங்கே வழக்கமான ஒரு மறுப்பு வரும், நம் தோழர்களிடமிருந்தே வரும். "ஒதுக்கீட்டுத் தலைவர்கள் பெரும்பாலும் பினாமிகள்தானே? பின்னால் இருந்து ஆட்டுவது யார் என்று தெரியாதா? அதற்கு ஒரு நேர்மையான அதிகாரி இருந்தால் என்ன குறை?" இதை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. பினாமித் தலைவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பினாமி எப்படி உருவாகிறார் என்று பார்க்க வேண்டும். நம் சட்டப்படி ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஒதுக்கீடு இல்லை. எனவே தலித் தலைவராக வரும் ஊராட்சியில், பெரும்பான்மை வார்டுகளைக் கையில் வைத்திருக்கும் சாதியிலிருந்து துணைத்தலைவர் வருகிறார். அவர் பேனாவை மூடி வைத்தால் போதும். துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போகாது, பல்பு வாங்க முடியாது. மூன்று மாதம் இப்படி ஓட்டினால், தலைவர் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கத்தான் வேண்டும். "அவருக்கு நிர்வாகம் தெரியல" என்று ஊரும் சொல்லும், அலுவலகமும் சொல்லும்.

இந்த இரட்டைக் கையெழுத்தை மாற்ற வேண்டும் என்பது பழைய கோரிக்கை. தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் தலைவரோடு ஊராட்சிச் செயலர் கையெழுத்திட்டால் போதும் என்று ஒரு திருத்தம் கொண்டுவரலாம். பெரிய செலவில்லை. எந்த அரசும் கையில் எடுக்கவில்லை.

பினாமி ஆகாதவர்கள் என்ன பட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சிக் கூட்டத்தில் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் நாடெங்கும் போனது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் சுதந்திர தினக் கொடியேற்றத் தடுக்கப்பட்டார்; விவகாரம் வெளியே வந்த பின்னால் ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். 2022-இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தபோது, 22 இடங்களில் தலித் தலைவருக்கு நாற்காலியே இல்லை என்று தெரியவந்தது. அந்த ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சாதிப் பாகுபாடில்லாமல் தலைவர்களே கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வரும் ஆகஸ்ட் 15 அன்று இந்த 28 மாவட்டங்களில் அப்படியொரு கடிதத்துக்கு அவசியம் இருக்காது. கொடியேற்ற விடாமல் தடுக்கப்படுவதற்குத் தலைவர் இருந்தால்தானே.

பினாமி, அவமதிப்பு, முடக்கம் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டும் இந்தப் பதவியில் ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்த தலித் பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். முதல் வருடம் கணவர் பின்னால் நின்றவர் மூன்றாம் வருடம் தனியாக ஒன்றியக் கூட்டத்துக்குப் போய் எழுந்து பேசியதை நான் பார்த்திருக்கிறேன். அரசியல் பயிற்சி என்பது அதுதான். அடுத்த தேர்தலில் பொதுத் தொகுதியிலும் நின்று பார்க்கலாம் என்று யோசிக்கும் கட்டத்துக்கு ஒருவர் வரும்போது, தேர்தலே இல்லை என்று சொன்னால் அவர் மறுபடி களை பறிக்கத்தான் போவார். ஆண்டு கழித்து நடக்கும்போது சுழற்சி மாறியிருக்கும், கையில் காசு இருக்காது, ஊர் அவரை மறந்திருக்கும்.

ஊராட்சி எதற்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மேலூர் அண்மையில்தான் ஒரு பதில் சொன்னது. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் மேலூர்ப் பகுதி ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கான மக்கள் கிளம்பினார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தேதிகளைக் கவனியுங்கள். முதலில் தீர்மானம் போட்டவை ஊர்களின் கிராம சபைகள். சட்டமன்றம் அதன் பின்னால் வந்தது. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது ஜனவரி 5. அறிவிப்பு மட்டும் மூன்று மாதம் தள்ளி வந்திருந்தால், அந்தக் கிராம சபைகளுக்குத் தலைமை வகித்திருக்க வேண்டியவர்கள் வட்டார வளர்ச்சி அலுவலரால் அனுப்பப்பட்ட ஊழியர்கள். ஒரு அரசு ஊழியர் அரசின் அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு எதிராகத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துக் கையெழுத்திடுவாரா? கிரானைட் காலத்தில் கீழவளவிலும் அதைச் சுற்றியும் மலைகளும் கண்மாய்களும் எப்படிக் காணாமல் போயின என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் 28 மாவட்டங்களின் கிராமங்களில் அவர்கள் உட்கார மன்றமே இல்லை. மேசை இல்லாத வீட்டுக்கு நாற்காலி அனுப்பியிருக்கிறார்கள்.

2026-இல் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முன்னால் ஊராட்சித் தேர்தல் நடத்தினால் உள்ளூர்ச் சண்டைகள் கட்சிக்குள் வரும், ஒரு சாதிக்குக் கொடுத்தால் இன்னொரு சாதி கோபிக்கும், கூட்டணிக் கட்சிகள் பங்கு கேட்கும் என்பதே உண்மையான கணக்கு என்று கட்சிக்காரர்களே டீக்கடையில் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கில் மிகக் குறைவாக இழப்பவர் யார்? பணமும் சாதிப் பின்பலமும் உள்ளவர். அவருக்கு ஒன்றிய அலுவலகத்தில் காரியம் ஆக ஊராட்சித் தலைவர் தேவையில்லை. மிக அதிகமாக இழப்பவர், சட்டம் கொடுத்த ஒதுக்கீட்டைத் தவிர வேறு எந்தச் செல்வாக்கும் இல்லாதவர்.

விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் 2025-இல் ஆளும் கூட்டணியில் இருந்தார்கள். பாப்பாபட்டிக்காகவும் கீரிப்பட்டிக்காகவும் பத்தாண்டுகள் தெருவில் நின்றவர்கள் அவர்கள். அந்தப் போராட்டத்தின் பலன் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை வேறு எவரையும்விட அவர்களுக்கே அதிகம். மேலவளவில் மைக் பிடிக்கும்போது, முதலமைச்சருக்கு நன்றி சொல்வதற்கு முன்போ பின்போ, ஊராட்சித் தேர்தல் எந்தத் தேதியில் என்று ஒரே ஒரு வரி கேளுங்கள் தோழர்களே. கூட்டணி உடைந்துவிடாது.

நம் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை சட்டப்படி கூடியாக வேண்டும், வாக்காளர் எவரும் தீர்மானம் கொண்டுவரலாம். ஆகஸ்ட் 15 அன்று ஊரில் இருக்கும் நண்பர்கள், குறிப்பாகச் சென்னையிலும் கோவையிலும் படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள், தங்கள் கிராம சபையில் இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுங்கள்: எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் தேதியை அறிவிக்க வேண்டும், தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் துணைத்தலைவரின் இணைக் கையெழுத்தை நீக்க வேண்டும். காலனிப் பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததையே எழுதச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்த மறுவாரம் தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டு மனுப் போடுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.